தன்னுரிமையா, தன்னுடைமையா? – மனிதத் திறனேற்றம் பற்றிய சுதந்திரவாதக் கலைச்சொற்கள்

முன்னுரை

மரபணுத் திருத்தம், மருந்து, கருவி ஆகியவற்றால் மனிதனின் இயல்பான ஆற்றல்களை உயர்த்தலாமா என்னும் வினா, மெய்யியலாரிடையேயும் சட்ட வல்லுநரிடையேயும் நீண்ட விவாதத்தை எழுப்பியுள்ளது. அரசின் தலையீட்டை இயன்றவரை மறுத்துத் தனிமனிதரின் தெரிவையே முதன்மையாகக் கொள்ளும் சுதந்திரவாதிகள், ஒவ்வொருவரும் தம் உடலுக்குத் தாமே உடைமையாளர் என்னும் கருத்தின்மீது தம் வாதத்தை அமைக்கின்றனர். இக்கருத்தைப் பெயர்ப்பதற்கு உரிமை, உடைமை என்னும் இரு சொற்களுள் எது தெரிவு செய்யப்படுகிறதோ அதற்கேற்ப வாதத்தின் வலிமை மாறுபடுகிறது. இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கருத்தின் பின்னணி

ஒவ்வொருவரும் தம்மைத் தாமே உடைமையாகப் பெற்றவர். ஆதலின் தம் உழைப்பும் அவ்வுழைப்பின் பயனும் அவருடையனவே என்பது, 1689இல் வெளிவந்த அரசாங்கம் பற்றிய ஆய்வுரைகளில் ஜான் லாக் முன்வைத்த கருத்து. இருபதாம் நூற்றாண்டில் இதனை வளர்த்தெடுத்தவருள் முதன்மையானவர் ராபர்ட் நோசிக். 1974இல் வெளியான தம் நூலின் அடிக்குறிப்பு ஒன்றில், பெற்றோர் தம் விருப்பிற்கேற்பக் குழந்தையின் பண்புகளைத் தெரிவு செய்யும் 'மரபணுச் சந்தை' ஒன்றை அவர் குறிப்பிடுகிறார். வருங்கால மனிதன் எவ்வாறு இருக்கவேண்டும் என்பதை எந்த ஒரு மைய அமைப்பும் தீர்மானிக்காது என்பதே அச்சந்தையின் சிறப்பு என்பது அவர் கருத்து. 1927இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் ஒன்றைச் செல்லுபடியாக்கியதை நினைவுகூர்ந்தால், அரசிடம் அவ்வதிகாரத்தை ஒப்படைக்க மறுக்கும் இவ்வாதத்தின் வலிமை புலப்படும்.

2. உரிமையும் உடைமையும்

தமிழில் உரிமை என்னும் சொல் இரு பொருட்புலங்களைத் தழுவியது. வாக்குரிமை, பேச்சுரிமை என்பவற்றில் அது பிறர் தடுக்கலாகாத ஒன்றைச் சுட்டுகிறது. வீட்டு உரிமையாளர், காப்புரிமை என்பவற்றில் சொத்தின் மீதான ஆட்சியைச் சுட்டுகிறது. உடைமை என்பதோ பெரும்பாலும் இரண்டாவது புலத்திற்கே உரியது. உடைமையை விற்கலாம்; கொடுக்கலாம்; அழிக்கவும் செய்யலாம்.

நோசிக்கின் கோட்பாட்டைத் 'தன்னுரிமை' எனப் பெயர்த்தால், படிப்பவர் அதனைத் தயக்கமின்றி ஏற்பர். தம் உடல்மீது தமக்கு உரிமை இல்லை என்பார் யார்? ஆனால், உடல்மீதான ஆட்சி பொருள்கள்மீதான ஆட்சியைப் போன்றதே என்பதுதான் மூலத்தின் கூற்று. அக்கூற்றை நிறுவவேண்டிய பொறுப்பு ஆசிரியருடையது. 'தன்னுரிமை' என்னும் பெயர்ப்பு, நிறுவப்படவேண்டியதை நிறுவப்பட்டதாகக் காட்டிவிடுகிறது.

ஒருவர் தம்மையே அடிமையாக விற்றுக்கொள்வதைச் சுதந்திரமான அமைப்பு அனுமதிக்கும் என்றும் நோசிக் கருதுகிறார். 1859இல் சுதந்திரம் பற்றி எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில் இதனை மறுத்தவர். 'தன்னுரிமை' என்னும் பெயர்ப்பில் நோசிக்கின் இம்முடிபு முரணாகத் தோன்றும். 'தன்னுடைமை' என்னும் பெயர்ப்பில் அது முன்கூற்றிலிருந்து இயல்பாகப் பிறப்பது விளங்கும்.

3. இலக்கணிகளின் கிழமைப் பாகுபாடு

ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளைத் தமிழ் இலக்கணிகள் தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படுத்தினர். 'சாத்தனது கை' தற்கிழமை. 'சாத்தனது வீடு' பிறிதின்கிழமை. முன்னது பிரிக்கவியலாத் தொடர்பு. பின்னது பிரிக்கத்தக்க தொடர்பு. இச்சொற்களில் கூறின், தற்கிழமையைப் பிறிதின்கிழமையாகக் கொள்வதே தன்னுடைமைக் கோட்பாடு எனலாம்.

நம்பிமகன் என்னும் தொகை 'நம்பிக்கு மகன்' என விரியுமேயன்றி அது உருபு பெறாது என்பது தொல்காப்பிய மரபு. அது உருபு அஃறிணையைச் சார்ந்தது என்பதே இவ்விதியின் காரணம். இதிலிருந்து அறநெறி எதனையும் வருவித்தல் பொருந்தாது. இக்காலத் தமிழில் 'என்னுடைய வீடு', 'என்னுடைய கை', 'என்னுடைய மகள்' ஆகிய மூன்றும் ஒரே வடிவம் கொள்கின்றன. எனினும், மூன்று உறவுகளையும் வேறுபடுத்திப் பேசுவதற்கான கருவி மொழியில் உள்ளது என்பது மொழிபெயர்ப்பாளருக்குப் பயன்தரும்.

4. பிறவாத குழந்தை

இவ்வேறுபாடு மிகவும் தேவைப்படும் இடம் குழந்தையைப் பற்றிய பகுதியாகும். பெற்றோர் தம் குழந்தையை உண்டாக்கியவர். ஆகவே அதன் உடைமையாளர் என்னும் முடிபை லாக் தவிர்க்க விரும்பினார். குழந்தையின் உடலைப் பெற்றோர் வடிவமைப்பதில்லை. அது எவ்வாறு உருவாகிறது என்பதையும் அறியார். எனவே அவர்கள் அதனை ஆக்கியோர் அல்லர் என்றார். இவ்விடை போதுமானதன்று என நோசிக் சுட்டிக்காட்டினார். மரபணுவைத் தெரிந்து திருத்தும் காலத்தில் லாக்கின் விடை மேலும் தளர்கிறது.

2018 நவம்பரில், சீன ஆய்வாளர் ஹே ஜியான்குய் கருநிலையில் மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்துள்ளதாக அறிவித்தார். தந்தை எச்.ஐ.வி. தொற்று உடையவர். அக்கிருமி உயிரணுவினுள் நுழையத் துணைபுரியும் ஒரு மரபணுவே திருத்தத்திற்கு இலக்காயிற்று. கருக்களுக்கு நோய் இல்லாமையால் இதனைச் சிகிச்சை என்றல் அரிது. 'மேம்பாடு' என்றாலோ, நன்மை விளைந்தது என்னும் தீர்ப்பு சொல்லிலேயே அடங்கிவிடும். 'திறனேற்றம்' என்னும் சொல் அத்தீர்ப்பைப் படிப்பவரிடம் விடுகிறது. 2019 டிசம்பரில் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இங்கு இசைவு அளித்தோர் பெற்றோர். திருத்தப்பட்டதோ குழந்தைகளின் உடல். பிறரால் வடிவமைக்கப்பட்டவர், தம் வாழ்வின் முழுப் படைப்பாளர் தாமே எனக் கருத இயலுமா என 2001இல் யூர்கன் ஹேபர்மாஸ் எழுப்பிய ஐயம் இதனைச் சார்ந்ததே. 'பெற்றோர் உரிமை' என்னும் பழகிய தொடரால் இப்பகுதியைப் பெயர்த்தால், அந்த ஐயத்திற்கே இடமில்லாமல் போகும்.

முடிவுரை

சொத்தாட்சியைக் குறிக்கும் இடங்களில் 'தன்னுடைமை' என்றும், பிறர் தலையீட்டைத் தடுக்கும் நியாயத்தைக் குறிக்கும் இடங்களில் 'உரிமை' என்றும் வேறுபடுத்திப் பெயர்ப்பது தகும். மூல ஆசிரியரே இரண்டையும் மயங்கவிட்டிருப்பின், அம்மயக்கத்தை மொழிபெயர்ப்பாளர் அடிக்குறிப்பில் சுட்டலாம். இதனால் சுதந்திரவாதம் வலுப்பெறும் என்றோ மெலியும் என்றோ கூறுவதற்கில்லை. ஆனால், அதனை ஏற்பவர் எதனை ஏற்கிறார் என்பதும், மறுப்பவர் எதனை மறுக்கிறார் என்பதும் தமிழிலேயே தெளிவாகும்.