கருப்பை ஸ்கான்: அறைக்குள் போகுமுன் அறிந்துகொள்ளுங்கள்

வயிற்றுநோ, ஒழுங்கில்லாத மாதவிடாய், மிகையான இரத்தப்போக்கு, பிள்ளை தங்காமை என்று ஏதாவது ஒன்றுக்காகக் குடும்ப வைத்தியரிடம் போனால், அவர் கையில் ஒரு கடிதத்தைத் தந்துவிடுகிறார். அதில் 'பெல்விக் அல்ட்ராசவுண்ட்' என்று எழுதியிருக்கும். வயிற்றின்மேல் ஏதோ தடவிப் படம் எடுப்பார்கள் என்ற எண்ணத்தோடுதான் எமது பெண்கள் பலர் போகிறார்கள். உள்ளேயும் ஒரு கருவியை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே சொல்லப்படும்போது திடுக்கிடுகிறார்கள். சிலர் எழுந்து வந்துவிடுகிறார்கள். பிறகு அந்தப் பக்கமே போவதில்லை. வேறு சிலர் என்ன சொல்வதென்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் அவசியமில்லை. என்ன நடக்கும், எதற்கு உடன்படலாம், எதை மறுக்கலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும்.

இது என்ன பரிசோதனை?

இது எக்ஸ்ரே அல்ல; கதிர்வீச்சு இல்லை. காதுக்குக் கேளாத ஒலியலைகளை உடலுக்குள் அனுப்பி, அவை திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பேராசிரியர் இயன் டொனால்ட் தமது குழுவினருடன் 1958இல் வெளியிட்ட கட்டுரையே பெண்நோய் மருத்துவத்தில் இதற்கு வழிதிறந்தது. குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று கருதப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது பெரிய சூலக நீர்க்கட்டிதான் என்பதை இக்கருவி காட்டிக்கொடுத்தது. கட்டியை அகற்றியதும் அவர் சுகமடைந்தார். கருப்பைக் கட்டி, நீர்க்கட்டி, கருப்பையின் உட்சுவர்த் தடிப்பு போன்றவற்றை இன்று கத்தி படாமலே கண்டறிய முடிவது இதனால்தான்.

இரண்டு வழிகள்

முதலாவது, வயிற்றின் மேலால் பார்ப்பது. இதற்குச் சலப்பை நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் குடல் விலகி, கருப்பையும் சூலகங்களும் தெளிவாகத் தெரியும். வழக்கமாகப் பரிசோதனைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே சுமார் ஒரு லீற்றர் தண்ணீரைக் குடித்து முடித்து, சலம் கழிக்காமல் வரச் சொல்வார்கள். அடக்க முடியாமல் அந்தரப்பட்டால் வரவேற்பு மேசையில் சொல்லுங்கள்.

இரண்டாவது, பெண்ணுறுப்பு வழியாகப் பார்ப்பது. கடிதத்தில் இது 'டிரான்ஸ்வஜைனல்' எனப்படும். இதற்குமுன் சலப்பையை வெறுமையாக்கிவிட வேண்டும். இடுப்புக்குக் கீழே துணியால் மூடியிருப்பார்கள். ஏறத்தாழ இரண்டு விரல் பருமனுள்ள கோல் போன்ற கருவிக்குப் புதிய உறை போட்டு, ஜெல் பூசி, அதன் முனைப்பகுதியை மட்டும் மெதுவாக உள்ளே வைப்பார்கள். கருப்பைக்கு மிக அருகில் இருப்பதால் படம் தெளிவாக வரும். சற்று அழுத்தம் தெரியலாம். கடும் நோவு இருக்கக் கூடாது. இருந்தால் உடனே சொல்ல வேண்டும். இறப்பர் உறை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

மாதவிடாய் நாளில் வந்துவிட்டோமே என்று கூச வேண்டாம். அந்த நாட்களிலும் பரிசோதனை செய்யலாம். கருப்பையின் உட்சுவரைப் பார்ப்பதற்கு மாதவிடாய் முடிந்த கையோடு வருவது நல்லது என்பதால், திகதி எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

உடன்படுவதும் மறுப்பதும் உங்கள் கையில்

உட்புறப் பரிசோதனையை உங்கள் சம்மதமின்றிச் செய்ய முடியாது. வைத்தியரின் கடிதம் உங்கள் சம்மதம் ஆகாது. திகதி எடுக்கும்போதே 'பீமேல் சோனோகிராபர் பிளீஸ்' என்று பெண் ஒருவரைக் கேளுங்கள். துணைக்கு ஒருவர் அருகில் இருக்கலாம். கருவியை நீங்களே உள்ளே வைத்துக்கொள்ளவும் கேட்கலாம். தொடங்கிய பிறகும் 'ஸ்டொப்' என்ற ஒரு சொல் போதும். நிறுத்தியே ஆக வேண்டும். மறுத்தால் வயிற்றின் மேலால் மட்டும் பார்ப்பார்கள். படம் தெளிவில்லாமல் போகலாம். அப்போது வேறு வழி என்ன என்று வைத்தியரிடம் பேசலாம்.

உடலுறவு கொண்டிராத பெண்களுக்கு வழக்கமாக இந்த உட்புறப் பரிசோதனை செய்வதில்லை. அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள், அவமதிப்பதற்கு அல்ல. தாய்மாருக்கு ஒரு வார்த்தை: மகளிடம் இதைக் கேட்கும்போது நீங்கள் சற்று வெளியே இருங்கள். அவள் கூசாமல் பதில் சொல்வாள்.

எம்மிடையே இன்னொரு துயரமும் உண்டு. யுத்தத்திலும் முகாமிலும் தடுப்புக்காவலிலும் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு, அரையிருட்டு அறையில் இப்படிப் படுப்பதே பழையவற்றைக் கிளறிவிடலாம். நடந்ததையெல்லாம் விபரிக்கத் தேவையில்லை. "இப்படியான பரிசோதனை எனக்குக் கடினம்" என்று குடும்ப வைத்தியரிடம் சொன்னாலே அவர் அதைக் கடிதத்தில் குறிப்பிடலாம். சிட்னியில் ஸ்டார்ட்ஸ் நிறுவனமும், மெல்பேர்னில் பவுண்டேஷன் ஹவுசும் சித்திரவதைக்கும் யுத்தக் கொடுமைக்கும் உள்ளானவர்களுக்கு இரகசியம் காத்து உதவுகின்றன.

பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள்

பத்து வயது மகன் தாயின் மாதவிடாயைப் பற்றி வைத்தியருக்கு எடுத்துச் சொல்வது இருவருக்கும் சங்கடம். கணவர் முன்னிலையில் சொல்ல முடியாதவையும் இருக்கலாம். 1973இல் சிட்னியிலும் மெல்பேர்னிலும் தொடங்கப்பட்ட அரசாங்கத் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இன்று இரவு பகலாக இயங்குகிறது. இலக்கம் 131 450. பொது வைத்தியசாலைகளிலும் மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை. திகதி எடுக்கும்போதே 'தமிழ் இன்டர்ப்ரெட்டர்' என்று கேளுங்கள். பெண் ஒருவரையே கேட்கலாம்.

கட்டணத்தையும் அப்போதே விசாரியுங்கள். 'பல்க் பில்' செய்யும் இடமென்றால், மெடிகெயார் அட்டையும் வைத்தியரின் கடிதமும் உள்ளவர்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. அட்டை கிடைக்காத புகலிடக் கோரிக்கையாளர்கள் கட்டணத்துக்குப் பயந்து நோயை மறைக்க வேண்டாம். சிட்னியில் அசைலம் சீக்கர்ஸ் சென்டரிலும், மெல்பேர்ன் புட்ஸ்கிறேயில் அசைலம் சீக்கர் றிசோர்ஸ் சென்டரிலும் வழி கேளுங்கள்.

முடிவை யார் சொல்வார்?

படம் எடுப்பவர் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து விடாதீர்கள். முடிவு சொல்வது பொதுவாக அவரது வேலையல்ல. கதிரியக்க வைத்தியர் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதி உங்கள் வைத்தியருக்கு அனுப்புவார். அவரிடம் மீண்டும் போய், என்ன கண்டார்கள், அடுத்து என்ன செய்வது என்று கேட்டு அறியுங்கள். போகாமல் விட்டால் பரிசோதனை செய்தும் பயனில்லை.

ஸ்கான் நன்றாக இருக்கிறது என்றால் எல்லாம் சரி என்று பொருளல்ல. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு முன்னோடியானதை இது காட்டாது. அதற்கென 25 முதல் 74 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வேறு பரிசோதனை உண்டு. 2022 ஜூலை முதல் அதற்கான மாதிரியை நீங்களே பஞ்சுக்குச்சியால் எடுத்துக் கொடுக்கலாம். மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், முன்பு எடுத்த ஸ்கானை நம்பி இருந்துவிடாமல் வைத்தியரிடம் போங்கள்.

இந்தப் பக்கத்தை வெட்டி வைத்தியரின் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாமல் இங்கு வளரும் மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.