ரேவா காரின் உண்மையான குறை

2001-ஆம் ஆண்டில் பெங்களூரு வீதிகளில் ஓடத் தொடங்கிய ரேவா என்னும் சிறிய மின்சாரக் காரைப் பற்றி இன்று பேசுவோரில் ஒரு சாரார், புகையின்றி, ஓசையின்றி, யாதொரு தொல்லையும் தராமல் ஓடிய அற்புத வாகனம் என்று புகழ, மற்றொரு சாரார் அது வெறும் விளையாட்டுப் பொருள் என்று தள்ளிவிடுகின்றனர். இரண்டுமே பிசகான ஞாபகங்கள். அதன் பிரதான குறை, முன்னிருக்கைகளின் அடியில் வைத்திருந்த கனத்த ஈய-அமில பாட்டரிகளில் இருந்தது. சுமார் 8 மணி நேரம் சார்ஜ் ஏற்றினால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடும் என்பது கணக்கு; ஆனால் மேடும் பள்ளமுமான இந்நகரத்தில், பாட்டரிக்கு வயது ஏற ஏற அந்தத் தூரம் சுருங்கிக்கொண்டே வரும். அவ்வப்போது காய்ச்சி வடித்த நீர் வார்க்க வேண்டும். சில வருஷங்களுக்கொரு முறை பாட்டரித் தொகுதி முழுவதையும் பெருஞ்செலவில் மாற்றவும் வேண்டும். இவ்வளவு சிரமங்களுக்கிடையிலும், வீட்டிலேயே சார்ஜ் ஏற்றி அலுவலகம் போய்வந்தவர்களுக்கு அது உற்ற துணையாகவே இருந்தது. லிதியம் பாட்டரி பொருத்திய ரேவா 2009-இல்தான் வந்தது. அதுவரையில் ரேவாவை உருவாக்கிய சேத்தன் மைனியும் அவருடைய சகாக்களும், கிடைத்த சாதனத்தைக் கொண்டே இந்தக் காரியத்தைச் சாதித்தார்கள்.