பல் டாக்டர் தொழிலை விட்டுவிட்டு ஆறு, காடு, கடல் என்று கிளம்பியவர்... ஸேன் கிரே ஜெயித்தது எப்படி?

படித்த படிப்புக்கு ஏற்ற தொழில், நியூயார்க் நகரத்தில் சொந்த கிளினிக், பெயருக்கு முன்னால் 'டாக்டர்' பட்டம். இத்தனையும் இருக்கும் ஒருவர், "இதெல்லாம் வேண்டாம், எழுதப்போகிறேன்" என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? பெரும்பாலான வீடுகளில் பெரிய சண்டையே நடக்கும். ஆனால், 1905-ல் அமெரிக்காவில் ஒரு பல் டாக்டரின் வீட்டில் நடந்தது வேறு. பரம்பரைச் சொத்தாகத் தனக்கு வந்த பணத்தை நம்பிக் குடும்பத்தை நடத்தலாம் என்று துணிந்தார் அவருடைய மனைவி.

அந்த டாக்டர்தான் ஸேன் கிரே. குதிரை, துப்பாக்கி, பாலைவனம் என்று விரியும் அமெரிக்க 'வெஸ்டர்ன்' நாவல்களை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர்.

'முத்து' என்ற பெயரால் வந்த வம்பு

ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஸேன்ஸ்வில் என்ற சிறிய ஊரில் 1872 ஜனவரி 31-ல் பிறந்தார். ஊரின் பெயரே அவருடைய தாய்வழி முன்னோர்களின் குடும்பப் பெயரிலிருந்து வந்ததுதான். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் பேர்ல். அதாவது முத்து. நம் ஊரில் முத்து என்றால் ஆண்பிள்ளைப் பெயர். அங்கோ அது பெண்களுக்கு வைக்கும் பெயர். கேலி தாங்காமல் அடிக்கடி சண்டைக்குப் போவார் சிறுவன் பேர்ல். பின்னாளில் அந்தப் பெயரையே விட்டுவிட்டு 'ஸேன்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டார்.

அப்பாவும் பல் டாக்டர். கண்டிப்பானவர். மகனுக்குப் பிடித்ததோ மீன்பிடிப்பு, பேஸ்பால், கதைப் புத்தகங்கள். 15 வயதில் ஒரு கதை எழுதினார். அதைப் பார்த்த அப்பா காகிதங்களைக் கிழித்துப் போட்டதோடு மகனை அடிக்கவும் செய்தார்.

1889-ல் அப்பா செய்த முதலீடு நஷ்டமாகிவிட, குடும்பம் கொலம்பஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. வருமானத்துக்கு வழியில்லாத நேரம். அப்பாவிடம் கற்றுக்கொண்ட தொழிலை வைத்து, கிராமம் கிராமமாகப் போய்ப் பல் பிடுங்கினார் ஸேன். உரிமம் இல்லாமல் செய்த வைத்தியம் என்பதால் அதிகாரிகள் தலையிட்டு நிறுத்திவிட்டார்கள்.

பகலில் பல், இரவில் பேனா

கைகொடுத்தது பேஸ்பால். நன்றாக விளையாடியதால் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. 1896-ல் பல் மருத்துவப் பட்டம் வாங்கினார். பிறகு நியூயார்க்கில் கிளினிக் திறந்தார். அந்த நகரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், புத்தகப் பதிப்பகங்கள் அங்கேதான் இருந்தன.

தொழில் அவருக்கு ஒட்டவே இல்லை. அடைத்த அறை, ஒரே மாதிரி வேலை. மனச்சோர்வு அவரை வாழ்நாள் முழுக்க விடாமல் துரத்தியது. அதிலிருந்து தப்பிக்க இரண்டு வழிகளை வைத்திருந்தார். இரவில் எழுதுவது. விடுமுறை கிடைத்தால் டெலவேர் ஆற்றுக்குப் போய்ப் படகு ஓட்டுவது, மீன் பிடிப்பது.

அப்படி 1900-ல் லாக்கவாக்ஸன் என்ற ஆற்றங்கரை ஊருக்குப் போனபோதுதான் டாலியைச் சந்தித்தார். அவருக்கு 28 வயது, டாலிக்கு 17. ஐந்து வருடம் பழகிய பிறகு 1905-ல் திருமணம். என்னால் என் சுபாவத்தை மாற்றிக்கொள்ள முடியாது, சுதந்திரமாக இருக்கவே ஆசைப்படுகிறேன் என்று கல்யாணத்துக்கு முன்பே அவர் டாலியிடம் சொல்லியிருந்தார். டாலி அதைத் தெரிந்தேதான் கைப்பிடித்தார்.

கிளினிக்கை மூடிவிட்டு இருவரும் லாக்கவாக்ஸனிலேயே குடியேறினார்கள்.

"உங்களுக்கு எழுத வராது!"

1907-ல் ஒரு திருப்பம். 'பஃபலோ ஜோன்ஸ்' என்று அழைக்கப்பட்ட பழைய வேட்டைக்காரர் ஒருவர் அரிசோனா பக்கம் கிளம்பினார். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் வடக்கு விளிம்பில் மலைச்சிங்கங்களைச் சுடாமல், சுருக்குக் கயிறு வீசி உயிரோடு பிடிக்கும் பயணம் அது. கிரேவுக்கும் போக ஆசை. கையிலோ காசு இல்லை. மிச்சமிருந்த தன் பணத்தையும் செலவழிக்கச் சொல்லி அனுப்பிவைத்தார் டாலி.

திரும்பி வந்து அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார் கிரே. ஹார்ப்பர் பதிப்பகத்தின் ஆசிரியர் ரிப்லி ஹிட்ச்காக் அதை நிராகரித்தார். உங்களால் எழுத முடியும் என்று நம்ப இதில் ஒன்றுமே இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

வயது 35-ஐத் தாண்டிவிட்டது. கைவசம் தொழிலும் இல்லை, சேமிப்பும் கரைந்துவிட்டது. அவர் கிளினிக்குக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ பாலைவனத்தில் பார்த்ததை நாவலாக எழுத உட்கார்ந்தார். 1910-ல் 'தி ஹெரிடேஜ் ஆஃப் தி டெசர்ட்' வெளியானது. வெளியிட்டது அதே ஹார்ப்பர் பதிப்பகம்! 1912-ல் வந்த 'ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்' அவரை நாடறிந்த எழுத்தாளர் ஆக்கியது.

டாஹிட்டியில் கிடைத்த ராட்சத மீன்

பணம் வந்ததும் பயணங்கள் பெருகின. 1918-ல் குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. 1925-ல் பெரிய பாய்மரக் கப்பலில் கலாபகஸ் தீவுகளுக்குப் போனார். 1926-ல் நியூஸிலாந்து. அங்கே 'பே ஆஃப் ஐலண்ட்ஸ்' கடற்பகுதியைப் பற்றி அவர் எழுதிய புத்தகம், உலகம் முழுக்க உள்ள மீன்பிடிப் பிரியர்களை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவைத்தது.

1930-ல் டாஹிட்டி தீவுக்கு அருகே தூண்டிலில் ஒரு மார்லின் மீன் சிக்கியது. கரைக்குக் கொண்டுவருவதற்குள் சுறாக்கள் கடித்துக் குதறிவிட்டன. அப்படியும் எடை 1,040 பவுண்ட், சுமார் 470 கிலோ! தூண்டிலில் பிடித்த மீன் 1,000 பவுண்டைத் தாண்டியது அதுவே முதல் முறை என்று சொல்லப்படுகிறது.

பின்னால் இருந்த கை

இத்தனை பயணங்களுக்கும் நடுவே வீட்டில் யார் இருந்தது? டாலிதான். மூன்று குழந்தைகளை வளர்த்தார். கணவரின் கையெழுத்துப் பிரதிகளில் பிழை திருத்தினார். பதிப்பகங்களோடும் சினிமா கம்பெனிகளோடும் பேரம் பேசினார். வருமானத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வது என்பது இருவருக்குமான ஒப்பந்தம்.

எல்லாமே இனிமையாக இருந்துவிடவில்லை. கிரே தன் பயணங்களில் வேறு பெண்களை உடன் அழைத்துப் போனார். காதல் உறவுகளும் இருந்தன. டாலிக்கு அது தெரியும், வலிக்கவும் செய்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வருமானம் சரிந்தபோதும் கிரேவின் செலவு குறையவில்லை. கணக்கைச் சமாளித்தவர் டாலி.

1937-ல் ஓரிகான் மாநிலத்தில் மீன்பிடிக்கப் போன இடத்தில் கிரேவுக்குப் பக்கவாதம் தாக்கியது. 1939 அக்டோபர் 23-ல், கலிஃபோர்னியாவில் தன் வீட்டில் இறந்தார். அவர் எழுதியவை ஏறக்குறைய 90 புத்தகங்கள். அவற்றில் சில, அவருடைய மறைவுக்குப் பிறகு வெளியானவை. அவருடைய கதைகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்கள் உருவாகியிருக்கின்றன.

பிடித்ததைத் தேடிப் போகும் துணிச்சலுக்கு ஸேன் கிரேவை உதாரணமாகச் சொல்வது சுலபம். ஆனால், ஒருவர் ஊர் சுற்ற வேண்டுமென்றால் இன்னொருவர் வீட்டில் விளக்கேற்றிவைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கதை முழுமையாகும்.

டாலி 1957-ல் காலமானார். இருவரும் முதன்முதலில் சந்தித்த லாக்கவாக்ஸனில், ஒரே கல்லறைத் தோட்டத்தில்தான் இருவருடைய அஸ்தியும் இருக்கிறது. அவர்கள் வாழ்ந்த வீடு இன்று அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் உள்ள மியூசியம். அதன் எதிரே டெலவேர் ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது.