அச்சு எங்கே தொடங்குகிறது?

கிராஃப் ஷீட்டில் முதல் புள்ளி வைக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுதிய யாரையும் கேட்டுப் பாருங்கள். 'எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் மைனஸ் 2' என்று ஓர் இருபடிக் கோவை. எக்ஸுக்கு −5 முதல் 5 வரை மதிப்புக் கொடுத்து, எக்ஸ் ஸ்கொயருக்கு ஒரு வரிசை, எக்ஸுக்கு ஒரு வரிசை, −2-க்கு ஒரு வரிசை என்று அட்டவணை போட்டு, கடைசி வரிசையில் கூட்டி ஒய் கண்டுபிடிக்க வேண்டும். ஒய் −2-இல் தொடங்கி 28 வரை போகும். ஓர் அலகுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் 30 செ.மீ. வேண்டும், தாளில் அவ்வளவு இடம் கிடையாது. அதனால் ஒய் அச்சில் 1 செ.மீ. = 2 அலகுகள். அதைத் தாளின் வலது மேல் மூலையில் 'அளவுத்திட்டம்' என்று தலைப்புப் போட்டு எழுத வேண்டும். எழுதாவிட்டால் மதிப்பெண் போகும்.

பிறகுதான் புள்ளி. புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைத்தால் தப்பு. கையால் வளைத்து இழுக்க வேண்டும். இந்தக் கோவையில் ஒரு குறும்பு உண்டு. எக்ஸ் −1 ஆனாலும் 0 ஆனாலும் ஒய் −2 தான். பையன்கள் அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே நேராக ஒரு கோடு இழுத்து, அடி தட்டையான சட்டி மாதிரி ஒரு வளைவரையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். "கீழே கொஞ்சம் இறக்குடா" என்பார் வாத்தியார். எவ்வளவு இறக்குவது என்று கேட்டவன் தப்பிப்பான்; எக்ஸ் −0.5 ஆகும்போது ஒய் −2.25 என்று அவனையே கணக்குப் போட வைப்பார். கேட்காதவன் குத்துமதிப்பாக இறக்குவான். அழித்து அழித்துத் தாள் கறுத்துப் போயிருக்கும். ஒரு கிராஃபுக்கு ஒரு பீரியட் சரியாகப் போய்விடும்.

வட்ட விளக்கப்படம் இன்னும் பாடுபடுத்தும். ஒவ்வோர் இனத்தையும் மொத்தத்தால் வகுத்து 360-ஆல் பெருக்கி, பாகைமானி வைத்து ஒவ்வொரு கோணமாக அளக்க வேண்டும். வாரத்தின் ஏழு நாளுக்கும் சமபங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குக்கு 51 பாகை போட்டால் 357-தான் வரும். மிச்சம் மூன்று பாகை. அதை ஞாயிற்றுக்கிழமை தலையில் கட்டுகிற பிள்ளைகளும் உண்டு, யாருக்கும் தெரியாமல் மூன்று நாளுக்குப் பிரித்துக் கொடுக்கிற பிள்ளைகளும் உண்டு. பின்னாளில் பட்ஜெட் கணக்குப் பார்க்கப் போகிறவர்கள் இந்த இரண்டாவது வகை என்பது என் ஊகம்.

இதையெல்லாம் சொல்வதால் அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலான வகுப்புகளில் கிராஃப் என்பது புரிதலுக்காக நடந்ததில்லை. மெல்லக் கற்போருக்கு மினிமம் மெட்டீரியல் அடித்துக் கொடுப்பார்களே, அதில் முதல் பக்கத்தில் இருப்பவை செய்முறை வடிவியலும் வரைபடமும்தான். இப்போதைய வினாத்தாளில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. தேர்ச்சிக்கு வேண்டிய 35-இல் இந்தப் பதினாறும் உறுதி என்பதுதான் சூத்திரம். புத்தகத்தில் எந்தக் கணக்குக்கு எந்த அளவுத்திட்டம் என்பதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்கள் ஏராளம். அந்த மனப்பாடத்துக்கு நடுவிலும் ஒன்று மட்டும் நடந்தது: அளவு என்று ஒன்று உண்டு, அதை ஒருவர் தீர்மானிக்கிறார், அதை ஊரறிய எழுதியும் வைக்க வேண்டும் என்பது எல்லோர் கையிலும் பழகிப்போனது.

கணினி இந்தப் பக்கம் வந்த கதை நீளம். சுருக்கமாகச் சொன்னால் போதும். 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்காக டேன் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் விசிகால்க் செய்தார்கள். 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3, கணக்குத் தாள், படம், தரவுத்தளம் மூன்றையும் ஒன்றாகக் கட்டித் தந்தது. எக்செல் 1985-இல் முதலில் மெக்கின்டாஷுக்கும், இரண்டு வருடம் கழித்து விண்டோஸுக்கும் வந்தது. நம் பள்ளிகளுக்கு அது வந்து சேர வெகுநாள் ஆனது. 2000-களில் பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் இருந்தது எக்செல் அல்ல, ஸ்டார் ஆபீஸ் கால்க். 2018-இல் பாடத்திட்டம் மாறியபோது பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் ஓப்பன் ஆபீஸ் கால்க் வந்தது. இடையில் 2011-இல் விலையில்லா மடிக்கணினி. அதன் பிறகு அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப்.

ஆரம்ப நாட்களில் கணினியில் படம் வரைவதையும் கரும்பலகையில்தான் நடத்தினார்கள். ஒரு கணினியைச் சுற்றி நாலைந்து பேர், மவுஸ் ஒருவன் கையில். மற்றவர்களுக்கு 'படம் சேர்க்க எந்த மெனு?' என்பது ஒரு மார்க் கேள்வி. விடையைச் சரியாக எழுதியவர்களில் பாதிப் பேர் அந்த மெனுவைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது அந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிட்டது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகூடக் கைபேசியில் ஷீட் திறக்கிறது. எண்களைத் தேர்ந்தெடு, இன்செர்ட் போ, சார்ட்டை அழுத்து. படம் வந்துவிடும். பழைய ஒரு பீரியட் வேலை ஒரு நொடியில் முடிந்துவிட, மிச்சப் பீரியடில் என்ன நடத்துவது என்பதுதான் இன்றைய ஆசிரியருக்கு முன்னால் இருக்கும் கேள்வி. பல இடங்களில் அதற்குக் கிடைத்திருக்கும் விடை கலர் மாற்றுவது, முப்பரிமாணம் ஆக்குவது, நிழல் போடுவது. முப்பரிமாண வட்டப்படத்தைப் போல உருப்படாத ஒன்று இந்த மென்பொருள்களில் வேறு கிடையாது. முன்னால் சாய்ந்திருக்கும் துண்டு பின்னால் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும், இரண்டும் ஒரே அளவாக இருந்தாலும்.

நல்ல ஆசிரியர்கள் அந்த மிச்ச நேரத்தைப் பிழைகளுக்குச் செலவிடுகிறார்கள். அவற்றில் எனக்குப் பிடித்தது மழைப் பிழை. முதல் நெடுவரிசையில் ஆண்டு, இரண்டாவதில் சென்னையில் பெய்த மழை, மில்லிமீட்டரில். இரண்டுக்கும் தலைப்புப் போட்டு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துப் பட்டைப் படம் கேட்டால், எக்செல் ஆண்டையும் ஓர் அளவு என்றே எடுத்துக்கொள்ளும். 2015, 2016, 2017 என்று வரிசையாக ஒரே உயரத்தில் நீலப் பட்டைகள். பக்கத்தில் ஏறியும் இறங்கியும் மழைப் பட்டைகள். சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. அதுவும் நாலு இலக்கம், இதுவும் நாலு இலக்கம். பார்க்க அவ்வளவு பொருத்தமாக இருப்பதால் பிள்ளைகள் அப்படியே பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். "இந்த நீலம் என்னம்மா?" என்று கேட்டால்தான் தலையைச் சொறிவார்கள். மருந்து சின்னது: ஆண்டு நெடுவரிசையின் தலைப்புக் கட்டத்தைக் காலியாக விட்டால் போதும், மென்பொருள் அதை அச்சுப் பெயராக எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது மேட்டூர். அணையின் நீர்மட்டமும் நீர் இருப்பும் நாளிதழ்களில் தினமும் வருகின்றன. முழு மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. சில மாதக் கணக்கை எடுத்து லைன் சார்ட் போட்டால் மட்டத்துக்கு ஒரு கோடு, இருப்புக்கு ஒரு கோடு, இரண்டும் தனித்தனியாக ஓடும். மட்டத்துக்கும் இருப்புக்கும் என்ன உறவு என்று அதில் தெரியாது. ஸ்கேட்டர் சார்ட்டுக்கு மாற்றி மட்டத்தைக் கிடை அச்சிலும் இருப்பை நிலை அச்சிலும் வைத்தால் புள்ளிகள் வளைந்து மேலேறும். மேலே போகப் போக அணை அகலம் என்பதால், 60 அடித் தண்ணீர் பாதி அணைத் தண்ணீர் ஆகாது. ஜூன் 12 நெருங்கும்போது, குறுவைக்குத் திறப்பார்களா என்று டெல்டா விவசாயி மட்டத்தோடு இருப்பையும் சேர்த்துப் பார்ப்பதன் காரணம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் படத்தில் புரிந்துவிடும். கிராஃப் ஷீட்டில் இதைச் செய்திருக்கலாம். நூறு புள்ளிகளைக் கையால் வைக்க யாருக்குப் பொறுமை இருந்தது?

நான் கவலைப்படுவது மூன்றாவது பிழையைப் பற்றி. அதை யாரும் பிழை என்றே நினைப்பதில்லை. ஒரு பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு மூன்று ஆண்டுகளுக்கு 91, 93, 96 என்று இருப்பதாகக் கொள்வோம். பட்டைப் படம் போட்டால் எக்செல் ஒய் அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காது. எண்களில் மிகச் சிறியது மிகப் பெரியதன் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் இருந்தால், அச்சின் அடியைத் தானாக மேலே தூக்கிவிடும். அதன் உள்விதி அப்படி. அடி 88 என்று வையுங்கள். 91-க்கு மூன்று அலகு உயரம், 96-க்கு எட்டு அலகு. நோட்டீஸ் போர்டில் ஒட்டினால், மூன்றே வருடத்தில் பள்ளி இரண்டரை மடங்கு உயர்ந்ததுபோலத் தோன்றும். யாரும் பொய் சொல்லவில்லை. அச்சு எங்கே தொடங்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான். பழைய மாணவன் மனப்பாடமாகவாவது 'ஒய் அச்சு: 1 செ.மீ. = 10 விழுக்காடு' என்று மூலையில் எழுதியிருப்பான். இன்றைய படத்தில் அந்த மூலையில் லெஜண்ட் இருக்கிறது, 'சீரீஸ் 1' என்று.

எந்தப் படம் போடுவது என்பதையும் இப்போது மென்பொருளே சொல்கிறது. எக்செல் 2013-இல் 'பரிந்துரைக்கப்படும் சார்ட்' என்ற பொத்தான் வந்தது. இந்த இடத்தில் வில்லியம் பிளேஃபேரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1786-இல் இங்கிலாந்தின் வணிகத்தை ஆண்டு வாரியாகக் கோட்டுப் படங்களாகப் போட்டு நூல் வெளியிட்டவர் அவர். ஸ்காட்லாந்துக்கு வந்தபோது அவர் கையில் 1780–81 என்ற ஒரே ஆண்டின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குத்தான் இருந்தது. ஓர் ஆண்டை வைத்துக் கோடு இழுக்க முடியாது. அதனால் நாடு வாரியாகப் பட்டைகள் போட்டார். நாம் இன்று பட்டைப் படம் என்று நடத்துவதன் தொடக்கம் அந்தப் பற்றாக்குறைதான். வட்டப்படத்தையும் 1801-இல் அவரேதான் கொண்டுவந்தார். இருக்கும் தரவைப் பார்த்துப் படத்தைத் தேடியவர் அவர். நம் பிள்ளைகளுக்கோ படங்கள் வரிசையாக முன்னால் நிற்கின்றன.

மாறியதில் நல்லதும் கொஞ்சநஞ்சமல்ல. அந்த இருபடிக் கோவையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷீட்டில் −5, −4.9 என்று இரண்டு கட்டம் நிரப்பி, மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் 101 புள்ளிகள். தட்டை அடி என்ற பேச்சே இல்லை, −2.25 வரை வளைவரை தானாக இறங்கும். மைனஸ் 2-ஐ வேறொரு கட்டத்தில் வைத்து, அதை 0 ஆக்கு, 3 ஆக்கு என்று மாற்றச் சொன்னால், வளைவரை முழுவதும் மேலே ஏறிக்கொண்டே போய் எக்ஸ் அச்சைத் தொடாமல் விலகும். மெய்யான மூலம் இல்லை என்பதைக் கண்ணால் பார்க்கிறார்கள். இதைத் தாளில் காட்ட மூன்று பீரியட் வேண்டும், மூன்றாவது பீரியடில் முதலாவது மறந்திருக்கும். இந்த ஒன்றுக்காகவே கணினியை வகுப்புக்குள் விடலாம் என்பேன்.

ஆனால் அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. எக்ஸ் ஸ்கொயருக்கு முன்னால் மைனஸ் போட்டு, சூத்திரத்தை அப்படியே கட்டத்தில் அடித்தால், எக்செல் முதலில் எக்ஸை மைனஸ் ஆக்கிவிட்டு அப்புறம்தான் ஸ்கொயர் செய்யும். கணக்கு நோட்டில் மைனஸ் 4 வர வேண்டிய இடத்தில் பிளஸ் 4 வரும். கவிழ்ந்து நிற்க வேண்டிய வளைவரை நிமிர்ந்து நிற்கும். அடைப்புக்குறி போட்டால் சரியாகிவிடும். போட வேண்டும் என்று தோன்றுவதற்கு, அந்த வளைவரை எப்படி நிற்க வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். நாலு கிராஃபாவது கையால் போட்டவனுக்கு அந்தச் சந்தேகம் வரும். கையால் போடவே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகாதது இதனால்தான்.

பள்ளிக்கூட நிலவரம் வேறு. பொதுத்தேர்வில் எட்டு மார்க் வரைபடம் இன்னும் கிராஃப் ஷீட்டில்தான். விடைத்தாளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். கணினியில் போடும் படத்துக்குப் பத்தாம் வகுப்பில் மார்க் கிடையாது. அதனால் ஜனவரி பிறந்து ரிவிஷன் டெஸ்ட் தொடங்கியதும், லேப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். வாங்கி என்ன நடத்துவார் என்கிறீர்களா? வரைபடம்தான்.