மார்கழிப் பனியும் சிப்காட் புகையும்

2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் செங்கடலைக் கடந்து குஜராத், ராஜஸ்தான், டெல்லி வான்வெளி வரை வந்தது, விமானங்கள் ரத்தாயின. ஆனால் அந்தச் சாம்பல் பெரும்பாலும் விமானம் பறக்கும் உயரத்திலேயே நகர்ந்து போய்விட்டது. தரையில் மூச்சு விடுகிறவர்களை அது அதிகம் தொடவில்லை.

எரிமலை கக்கும் கந்தக டை ஆக்சைடும் நிலக்கரி எரிந்தால் வரும் கந்தக டை ஆக்சைடும் ஒரே வாயுதான். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் வட்டாரத்தில் அது வருவது பக்கத்தில் நிற்கும் புகைபோக்கிகளிலிருந்து. அது எந்த மாதத்தில், எந்த நேரத்தில் நம் மூக்குக்கு எட்டுகிறது என்று தெரிந்தால் பாதிப்பை முழுவதும் தவிர்க்க முடியாவிட்டாலும், ஓரளவு தவிர்க்கலாம்.

எங்கிருந்து வருகிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கழிவை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் உண்டு. பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகளும் ரசாயன ஆலைகளும் உண்டு. தென்கிழக்கே எண்ணூர், வல்லூர் பக்கம் நிலக்கரி மின்நிலையங்கள்; வல்லூர் நிலையம் மட்டுமே 1,500 மெகாவாட். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரவு பகலாகக் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. மழை ஓய்ந்ததும் மாவட்டத்தின் செங்கல் சூளைகளும் எரியத் தொடங்கும்.

மாதத்துக்கு மாதம் மாறும் காற்று

மார்கழி, தை: ஆண்டின் மோசமான காலம். இரவில் தரை குளிர்ந்துவிடுகிறது. அதற்கு மேலே உள்ள காற்று அதைவிடச் சூடாக இருக்கிறது. அதனால் புகை மேலே ஏற முடியாமல் படுத்துவிடும். விடியற்காலை ஐந்து, ஆறு மணிக்கு வயல்வெளியில் தெரிவது அத்தனையும் பனி அல்ல. போகித் தீயும் இதே வாரங்களில் சேர்ந்துகொள்கிறது. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையமே தடுமாறியது.

பங்குனி முதல் வைகாசி வரை: வெயிலில் தரைக்காற்று மேலே எழுவதால் புகை கலைந்துவிடும். ஆனால் மதியத்துக்கு மேல் வீசும் கடற்காற்று கடற்கரைப் புகையை நிலத்தின் உட்பக்கம் தள்ளும். கடும் வெயிலில் வாகனப் புகையும் ரசாயன ஆவிகளும் வினைபுரிந்து ஓசோன் உண்டாகும். தொண்டை கரகரப்புக்கும் வறட்டு இருமலுக்கும் அது காரணமாகலாம். லாரி கிளப்பும் சாலைத் தூசி தனி.

ஆனி, ஆடி, ஆவணி: மேற்குக் காற்று பலமாக வீசுவதால் புகை கடலை நோக்கிப் போகும். ஆலைக்குக் கிழக்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் இது கெட்ட காலம்.

ஐப்பசி, கார்த்திகை: மழை தூசியைக் கழுவிவிடும். ஆனால் ஈரச் சுவரில் பூசணம் பிடிக்கும். வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

கண்ணுக்குத் தெரியாததுதான் ஆபத்து

மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியிலும் தண்ணீர்த் தொட்டி மூடியிலும் கறுப்புப் பொடி படிந்திருப்பதை இப்பகுதிக்காரர்கள் காட்டுவார்கள். இரும்பாலைப் பொடி என்றால் காந்தத்தில் ஒட்டும். இந்தப் பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அது நுரையீரலின் காற்றறைகள் வரை போகும். ஒரு பகுதி ரத்தத்திலும் கலக்கும். ஆஸ்துமாவோடு மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயமும் கூடுவது அதனால்தான்.

இந்திய வரம்புப்படி பிஎம் 2.5 அளவின் 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 15. கும்மிடிப்பூண்டி அந்தோணிப்பிள்ளை நகரில் உள்ள கண்காணிப்பு நிலையத்தின் அளவை ‘சமீர்’ செயலியில் பார்க்கலாம். ஒன்றை மறக்கக் கூடாது: துகளுக்கான காற்றுத் தரக் குறியீடு நாள் முழுவதன் சராசரி. ‘திருப்தி’ என்று காட்டும் நாளிலும் விடிகாலை மூச்சு முட்டலாம்.

உலைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்

உருக்கு உலையின் உட்புறப் பூச்சு பெரும்பாலும் குவார்ட்ஸ் மணலால் ஆனது. தேய்ந்த பூச்சை உடைத்துப் புதிதாக இடும்போது எழும் தூசிதான் மிகக் கொடியது. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தால் சிலிகோசிஸ் வரும். வந்தபின் குணமாகாது, காசநோய்க்கும் வழிவிடும். கைக்குட்டை கட்டினால் இது நிற்காது. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 முகக்கவசமும், தண்ணீர் தெளித்து உடைக்கும் முறையும் வேண்டும்.

தூசி வேலை முடிந்து வெல்லக்கட்டி தின்றால் நெஞ்சு சுத்தமாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. வெல்லம் போவது வயிற்றுக்கு. தூசி போனது நுரையீரலுக்கு. இரண்டும் சந்திப்பதில்லை.

ஈய ஆலையில் வேலை செய்பவர் அந்த உடுப்போடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கக் கூடாது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆலையிலேயே குளித்து மாற்றுவது நல்லது. முடியாவிட்டால் அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

• மார்கழி, தையில் நடைப்பயிற்சியை வெயில் ஏறியபின் வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலைக் காற்று சுத்தமானது என்பது இங்கே பொருந்தாது.
• அந்த மாதங்களில் இரவு முதல் காலை எட்டு மணி வரை ஆலைப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி, பகலில் திறந்து வையுங்கள்.
• துடைப்பத்தால் பெருக்குவதைக் குறைத்து, ஈரத்துணியால் துடையுங்கள்.
• குப்பை, டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள். கொசுவத்தியும் விறகடுப்பும் வீட்டுக்குள் புகைதான்.
• ஆஸ்துமா உள்ளவர்கள் கார்த்திகையிலேயே மருத்துவரைப் பாருங்கள். தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை, நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தாதீர்கள். இன்ஹேலர் போதைப் பழக்கமாகிவிடாது.

எப்போது மருத்துவமனைக்கு?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். படியேறினாலே மூச்சு வாங்கினால் ஸ்பைரோமெட்ரி செய்யச் சொல்லிக் கேளுங்கள். பேச முடியாத அளவு திணறல், உதடு நீலமாதல், இன்ஹேலர் அடித்தும் அடங்காத இழுப்பு, நெஞ்சுவலி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே 108. மருத்துவரிடம் என்ன வேலை, எந்த ஆலை, எத்தனை வருடம் என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். இஎஸ்ஐ அட்டை இருந்தால் தொழில்சார் நோய்க்கான உரிமைக்கு மருத்துவர் எழுதிவைக்கும் அந்தப் பதிவும் ஆதாரமாகும்.

புகார் எழுதும்போது

‘ஒரே புகையா இருக்கு’ என்ற மனு அலுவலக மேசையில் தூங்கும். தேதி, மணி, காற்று வீசிய திசை, புகையின் நிறம், வாடை, கைப்பேசி வீடியோ ஆகியவற்றோடு ஒரு வாரக் குறிப்பை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுத்தால் எந்தப் புகைபோக்கி என்று தேட வழி பிறக்கும். இரவுப் புகைக்கு இது இன்னும் அவசியம்; ஆய்வுக்கு வருபவர்கள் பெரும்பாலும் பகலில்தான் வருகிறார்கள்.

குடியரசு தினக் கிராம சபை ஜனவரி 26இல் கூடுகிறது, அதாவது புகை மிகத் தாழ்ந்து நிற்கும் வாரங்களில். புதுகும்மிடிப்பூண்டி, பெத்திக்குப்பம் போன்ற ஊராட்சிகளில் அன்று வைக்க வேண்டிய தீர்மானங்கள் இரண்டு: விடிகாலை நேர அளவீடு, தொழிலாளர் குடியிருப்புகளில் நுரையீரல் பரிசோதனை முகாம். ஜன்னலைச் சாத்துவது நம் கையில் இருக்கிறது. புகைபோக்கியில் வடிகட்டி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியது அரசின் பொறுப்பு; அதை எழுத்தில் கேட்டு வாங்குவது ஊரின் பொறுப்பு.