தாய்ப்பாலும் செய்தித்தாளும்

தாய்ப்பாலூட்டல் இயற்கையானது என்பர். இயற்கையானதெனினும் அது கல்லாமற் கைவருவதன்று. குழவியை எவ்வாறு ஏந்துவது, நோவு தோன்றின் யாது செய்வது என்பனவற்றை முற்காலத்து இளந்தாய், தன் தாயும் தமக்கையும் செய்யக் கண்டே அறிந்தாள். குடும்பங்கள் சிறுத்து, உற்றார் பிரிந்து வாழும் நாடுகளில் அக்காட்சி அருகிவிட்டது. அது விட்ட வெற்றிடத்தைப் பத்திரிகையும் தொலைக்காட்சியும் நிரப்பலாயின. அவை எதனைக் காட்டுகின்றன, எதனைக் காட்டாது விடுகின்றன என்பது தாயின் உள்ளத்தையும் உடலையும் ஒருங்கே தொடுவதாகும். இதனைப் பிரித்தானியாவின் அநுபவங்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நாட்டுத் தொலைக்காட்சியிலும் செய்தித்தாள்களிலும் குழந்தைக்குப் பாலூட்டுதல் பற்றி வந்தவற்றை ஆய்வாளர் சிலர் தொகுத்து நோக்கினர். தொலைக்காட்சியில் 235 குறிப்புக்களும் செய்தித்தாள்களில் 38 குறிப்புக்களும் கிடைத்தன. 2000ஆம் ஆண்டிற் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த அவர்தம் முடிவு சிந்திக்கற்பாலது. போத்தற்பாலே மிகுதியாகக் காட்டப்பட்டது. அது சாதாரண குடும்பங்களின் இடரற்ற வழக்கமாகத் தோன்றிற்று. தாய்ப்பாலூட்டலோ தொல்லை மிக்கதாகவும், நடுத்தர வகுப்பினர்க்கும் புகழ்பெற்ற மகளிர்க்கும் உரியதாகவும் காணப்பட்டது. தாய்ப்பாலின் நன்மையும் பால்மாவின் தீமையும் அரிதாகவே பேசப்பட்டன. எவரும் பொய்யுரைத்திலர். ஆயினும் பலமுறை கண்டதையே மனம் இயல்பெனக் கொள்ளும், காணாததனை ஐயுறும்.

அவ்வையத்தின் விளைவு சிறிதன்று. குழந்தை உறிஞ்சுந்தோறும் புரோலக்றின் என்னும் ஓமோன் பாலைச் சுரக்கச் செய்கின்றது. ஒட்சிற்றோசின் என்னும் ஓமோன் சுரந்த பாலை வெளிப்படுத்துகின்றது. கவலை, நோவு, நாணம் ஆகியன பால் வெளிப்படுதலைத் தாமதப்படுத்தும். தன் பால் போதாதென அஞ்சுந் தாய் இடையிடையே பால்மாவைக் கரைத்துக் கொடுக்கின்றாள். வயிறு நிறைந்த குழந்தை முன்போல் உறிஞ்சுவதில்லை. உறிஞ்சுதல் குறையவே சுரப்புங் குறைகின்றது. தொடக்கத்தில் வெறும் ஐயமாயிருந்தது ஈற்றில் உண்மையாகிவிடுகின்றது.

இவ்வையத்தை வளர்ப்பதிற் பால்மா வணிகர் பின்னிற்பதில்லை. தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கப்படும் பொருள்களைப் பொதுமக்களுக்கு விளம்பரஞ் செய்தலாகாது என உலக சுகாதார மகாசபை 1981ஆம் ஆண்டில் ஒழுங்குவிதி வகுத்தது. பிரித்தானியச் சட்டம் பிறந்த குழந்தைக்குரிய பால்மாவின் விளம்பரத்தை மாத்திரமே பொதுமக்களுக்கு விலக்கிற்று. ஆறு மாதத்தின் பின்னர்க் கொடுக்கும் பால்மாவின் விளம்பரத்துக்கு இடமளித்தது. இரண்டும் ஒரே பெயரையும் ஒத்த தோற்றத்தையும் உடையனவாதலின், ஒன்றின் விளம்பரம் மற்றதற்கும் விளம்பரமாயிற்று. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ்வும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், பிரித்தானியாவில் வினவப்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 84 பேர் இத்தகைய விளம்பரங்களை எதிர்கொண்டிருந்தனர்.

இனி, தாய்ப்பாலைப் புகழும் எழுத்துக்கள் யாவும் தாய்க்கு நலஞ் செய்வனவோ எனின், அன்று. 2010ஆம் ஆண்டின் ஆய்வொன்றின்படி, அந்நாட்டிற் பிறந்த குழந்தைகளுள் நூற்றுக்கு 81 பேர்க்குத் தாய்ப்பால் தொடங்கப்பட்டது. ஆறாம் மாதத்தில் அதனைப் பெற்றோர் நூற்றுக்கு 34 பேரே. விரும்பித் தொடங்கி இடையில் நிறுத்திய தாயர் இவ்வாறு பெருந்தொகையினர். "தாய்ப்பாலே சிறந்தது" என்ற தலைப்பு, உதவியொன்றுங் கூறாதவிடத்து, அன்னார்க்குக் குற்றச்சாட்டாகவே ஒலிக்கும். மறுபுறம், 2014 டிசம்பரில் இலண்டன் விடுதியொன்றிற் குழந்தைக்குப் பாலூட்டிய தாயொருவரைத் துணியால் மூடிக்கொள்ளுமாறு பணித்த செய்தி பரவியபோது, பொதுவிடத்திற் பாலூட்டல் தகுமோ எனச் செய்தித்தாள்கள் வாதிட்டன. அவ்வுரிமையை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் முன்னரே காத்திருந்தது. ஊட்டாவிடிற் பழி, பிறர் காண ஊட்டினும் பழி.

அங்ஙனமாயின், தாயரின் மனம் நோவாதிருத்தற்பொருட்டுத் தாய்ப்பாலின் சிறப்பைக் கூறாது விடலாமோ? விடலாகாது. அது வயிற்றோட்டத்தினின்றும் சுவாச நோய்களினின்றும் குழந்தையைக் காக்கின்றது. தாய்க்கு மார்புப் புற்றுநோய் நேர்வதையுங் குறைக்கின்றது. ஆயின் சிறப்பைக் கூறுவோர் வழியையுங் கூறல் வேண்டும். புதிதாய்ப் பிறந்த குழந்தை நாளொன்றுக்கு எட்டு முதற் பன்னிரண்டு முறை பால் நாடுவது இயல்பு. அது பாற்குறைவின் அறிகுறியன்று. நிறை ஏறுதலும் போதியளவு சிறுநீர் கழிதலுமே பால் போதுமென்பதற்குச் சான்றுகள். இத்தகைய அறிவு ஒரு பத்தியளவில் அடங்கும். அச்சத்தைப் போக்கவும் வல்லது. மருத்துவ காரணத்தாற் பால்மா வேண்டப்படுந் தாயர்க்கு அதனைப் பழியின்றி எடுத்துரைத்தலும் அவ்வறிவின் பாற்பட்டதே.

இலங்கையில் 2016ஆம் ஆண்டின் ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் ஒன்றையே உண்டனர். இங்கு குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளை பெற்றவளின் வீடுதேடிச் சென்று, அருகிருந்து பார்த்துத் திருத்துகின்றார். அத்தகைய துணை வாய்க்காத தாய்க்குச் செய்தித்தாளே துணையாகவேண்டி வரும். தாயைப் பற்றி எழுதுமுன், அவள் இன்றிரவு அழும் பிள்ளையுடன் இதனைப் படிப்பாள் என்பதை எழுதுவோர் நினைவிற் கொள்வாராக.