அணை நீரும் அபாய அறிவிப்பும்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

அணைகள் நாட்டின் செல்வங்கள். நம் மாவட்டத்துச் சாத்தனூர் அணையே அதற்குச் சான்று. தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணையின் முழு நீர்மட்டம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. வாழ்வளிக்கும் இந்நீரே கட்டுக்கடங்காமல் போனால் என்னாகும் என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

அணைகள் உடைவது ஏன்?

மண் அணையின் மீது நீர் வழிந்தோடினால் பின்சரிவு மண் அரிக்கப்பட்டு அணை உடையும். இன்றைய திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள குடகனாறு அணை 1977-இல் இவ்வாறே உடைந்தது. மின்சாரம் தடைப்பட்டதால் மதகுகளை முழுவதும் உயர்த்த முடியாமற் போயிற்று. குஜராத்தில் 1979 ஆகஸ்ட் 11-இல் மச்சு அணை உடைந்து மோர்பி நகரை மூழ்கடித்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

கரைக்குள் நீர் கசிந்து மண்ணை உள்ளிருந்தே அரிப்பது இரண்டாவது காரணம். கசியும் நீர் தெளிவாக இருக்கும்வரை அச்சம் குறைவு. கலங்கி வந்தால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று பொருள். மூன்றாவது காரணம் மதகுப் பழுது. தென்பெண்ணையிலேயே, கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று 2017 நவம்பரில் உடைந்தது.

உடையாத அணையும் வெள்ளமும்

அணை உடைந்தால்தான் ஆபத்து என்று எண்ணக்கூடாது. 2024 டிசம்பர் 2 அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையால், சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அணை உடையவில்லை, எனினும் கரையோரச் சிற்றூர்கள் முதல் கடலூர் வரை வெள்ளம் புகுந்தது.

‘1,68,000 கன அடி’ என்றால் என்ன? ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். ஆகவே விநாடிக்கு 47 லட்சம் லிட்டருக்கும் மேல்! இதே வேகத்தில் ஓடினால், நிரம்பிய சாத்தனூர் அணை ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரத்தில் காலியாகிவிடும்.

அதற்கு முதல் நாள்தான் அண்ணாமலையின் சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்கள் பலியாயின. மலை யாரிடமும் சொல்லிக்கொண்டு சரியவில்லை. ஆனால் திறந்துவிடப்படும் அணை நீருக்கு முன்னறிவிப்பு உண்டு. வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியானால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை விடப்படுகிறது. இடைப்பட்ட நேரமே நம் உயிருக்குக் கிடைக்கும் அவகாசம்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஊரில் மேடான இடம் எது, அங்குச் செல்ல ஆற்றைக் கடக்காத வழி எது என்று மழைக்காலத்திற்கு முன்பே பார்த்து வைக்க வேண்டும்.
2. குடும்ப அட்டை, பட்டா, சான்றிதழ்களை நீர் புகாத உறையில் ஒரே இடத்தில் வைக்க வேண்டும்.
3. எச்சரிக்கை வந்தவுடன் மின் இணைப்பைத் துண்டித்து, மாடு கன்றுகளை அவிழ்த்துவிட்டு, முதியோருடன் முதலில் வெளியேற வேண்டும்.
4. நீர் புரளும் தரைப்பாலத்தைக் கடத்தலும் வேடிக்கை பார்த்தலும் கூடாது.
5. கரையில் விரிசலோ கலங்கிய கசிவோ கண்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

நம் கடமை

எங்கள் அடி அண்ணாமலை வழியே தென்பெண்ணை பாய்வதில்லை. எனினும் ஏரிக்கரையும் ஓர் அணையே. இலங்கையின் கந்தளாய்க் குளம் 1986-இல் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததை மறத்தலாகாது. 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஆனால் சட்டம் வந்து ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்டாது.

என் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். நம்மில் பலரும் அப்படியே. ‘கன அடி’ என்று அறிவிப்பு வரும்போது அதன் பொருளை வீட்டாருக்கும் தெருவினருக்கும் எடுத்துச் சொல்ல நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்? நள்ளிரவானாலும் நாலு வீட்டுக் கதவைத் தட்டுவோம். கற்ற கல்வி அன்றே பயன் தரும்.